அந்தப் பிள்ளை பிழைக்கிறதா

மரிய ஆனந்த் வாசலிலேயே நின்றான். தர்மபுரியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நடக்கும் வாசகர் வட்டத்துக்கு எத்தனையோ ஞாயிறுகள் மனைவி ஷைனியை பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறான், படி ஏறியதில்லை. புத்தகத்தைப் பார்த்தாலே அவனுக்குக் கொட்டாவி வரும். இன்று அவனாகவே ஏறி வந்திருந்தான்.

“ஷைனிக்கு ஒரு புத்தகம் வேணுங்க. பாப்பா காய்ச்சல்ல போனதுல இருந்து பேசறதில்ல, சோறு திங்கறதில்ல. டாக்டர் மாத்திரை குடுத்தாரு, ஃபாதர் வந்து ஜெபம் பண்ணாரு. ஒண்ணும் நடக்கல. அவளுக்குப் புத்தகம்னா உசுரு. எதப் படிச்சா எந்திரிப்பான்னு நீங்கதான் சொல்லணும்.”

உடனே எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். எதைப் படிக்கலாம் என்று இவர்களிடம் கேட்டுவிட்டால் போதும், நிறுத்த முடியாது. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற சென்றாயன் நாவல்தான் சரி என்றார். இந்த நிலைமையில் தன்வரலாறுதான் பொருந்தும் என்றாள் கலைமதி. மொழிபெயர்ப்பு மோசம் என்றார் ஒருவர், தடிமன் அதிகம் என்றார் இன்னொருவர். நல்லவர்கள்தான், பாப்பாவின் அடக்கத்துக்கு வந்து அழுதவர்கள்தான். ஆனால் கேட்டவன் இன்னும் நின்றுகொண்டிருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கடைசியில் வட்டத்தை நடத்தும் அமுதவல்லி டீச்சர் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நோயாளிப் பிள்ளையை வளர்த்த ஒரு தாய் எழுதிய புத்தகம்.

“ஷைனி மாதிரியே ஒரு அம்மாங்க. படிச்சா, நமக்குத் துணைக்கு ஒருத்தர் இருக்காங்கன்னு தோணும்.”

“அந்தப் புள்ள பொழைச்சுக்குதுங்களா டீச்சர்?”

டீச்சர் தயங்கினார். சிபாரிசு செய்பவர் முடிவைச் சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். மீறினால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் செலவு.

“அத மட்டும் சொல்ல மாட்டோங்க. படிச்சுத் தெரிஞ்சுக்கணும்,” என்றார், பழக்கதோஷத்தில்.

மத்தியானம் வீட்டில் ஷைனி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தான். வாய் ஒரு வரியில் இருக்க, கண் பயத்தில் நாலு வரி முன்னால் ஓடியது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பக்கத்தைத் திருப்பினான். முதல் வரியிலேயே பிள்ளை செத்துப்போயிருந்தது.

இதையா கொடுத்து அனுப்பினார் அந்த டீச்சர்! மூடி எறிந்திருப்பான். ஆனால் ஷைனி இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறுநாள்...” தொண்டையைச் செருமிக்கொண்டான். “மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டது.”

“இத நான் ஏற்கெனவே படிச்சிருக்கேன்,” என்றாள் ஷைனி.

எத்தனை நாளைக்குப் பிறகு கேட்கும் குரல்! ஆனால் சந்தோஷப்பட அவனால் முடியவில்லை. பொய் பிடிபட்டுவிட்டது.

“மன்னிச்சுக்க ஷைனி. நான் வந்து...”

அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“நிறுத்தாதீங்க. சாப்ட்டுட்டு என்ன பண்ணுச்சு? படிங்க.”

திறந்திருந்த பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்த வரியின்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினான்.

“செருப்பு மாட்டிக்கிட்டு,” என்று வாசித்தான், “வெளிய வெளையாடப் போச்சு.”