திறந்திருந்த வலது காது

“காதுல மாட்டக் குடுத்தத கழுத்துல மாட்டிக்கிட்டு அலையுதியளே, அது என்ன பூமாலையா?”

“ஏளா, மெதுவாப் பேசு. தெரு பூரா கேக்கும்.”

“தெரு பூரா கேக்கத்தான் செய்யுது. ஒங்களுக்குத்தான கேக்கல!”

சரண்யாதேவி சொன்னதில் பிழை இல்லை. காலை ஏழு மணிக்கு மில்லர்புரத்தில் அந்தத் தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்திவிட்டு நின்றாள். பாண்டியராஜுக்குக் காது மந்தமானதில் ஊரில் லாபம் அடைந்தது அவள் ஒருத்திதான். முன்பெல்லாம் சுவரோடு சாய்ந்து நின்றால்தான் அந்த வீட்டுக் கதை தெரியும். இப்போது சட்னி அரைக்கிற இடத்துக்கே வந்துவிடுகிறது.

பாண்டியராஜ் வாகைகுளம் விமான நிலையத்தில் காண்ட்ராக்ட் ஆள். விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை போடுவான், கிளம்பும்போது எடுப்பான். எஞ்சின் இரைச்சலில் பல் கூசும். காதை மூடக் கம்பெனி இயர்மஃப் கொடுத்திருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ரெண்டு காதையும் மூடினால் சூப்பர்வைசர் ஜோன்ஸ் போடுகிற கூச்சல் கேட்காது. கேட்காவிட்டால் திட்டு, மூன்று தடவை திட்டு வாங்கினால் வீட்டுக்கு. ஜோன்ஸ் எப்போதும் வலது பக்கம் நின்றுதான் கத்துவான். அதனால் அங்கே அத்தனை பேரும் வலது பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். ஆறு வருஷமாக அப்படித்தான். அத்தனை பேர் வீட்டிலும் டிவி அலறியது.

சரண்யாவுக்கு அன்றைய கவலை டிவி அல்ல. அன்றைக்குக் காது டெஸ்ட். தேறாவிட்டால் விமானத்துப் பக்கம் போக முடியாது, வேறு வேலையும் கிடையாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. காது போச்சோ, வேலை போச்சோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டவள் அவள்தான். அவன் நன்றாகத் தூங்கினான். அவனுக்குக் கொசுச் சத்தம்கூடக் கேட்பதில்லையே.

“நீ பயப்படாத,” என்றான் பஸ்ஸில். “அது ஒண்ணும் பெரிய சங்கதி இல்ல. நான் பாஸ் ஆயிருவேன் பாரு.”

எப்படி என்று அவன் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் போய்த்தான் அவளுக்குப் புரிந்தது.

கண்ணாடி அறைக்குள் அவன் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே மெஷின் முன்னால் பிளாரன்ஸ் என்ற பெண், அவனுக்குப் பக்கவாட்டில். வாசல் பெஞ்சிலிருந்து சரண்யாவுக்கு ரெண்டு பேரும் தெரிந்தார்கள். பிளாரன்ஸ் கை மெஷினில் அசைந்தால் இவன் அமுக்கினான். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டாள், அமுக்கினான். டீ கிளாஸை எடுத்தாள், அமுக்கினான். நாளெல்லாம் சைகையைப் பார்த்தே விமானத்தடியில் நடமாடுகிறவன், எந்தக் கையசைவையும் சும்மா விடுவானா? சரண்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். நல்லவேளை, அதை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதற்கும் அமுக்கியிருப்பான்.

பிளாரன்ஸ் தன் முழங்கையில் பட்டென்று ஒரு அடி அடித்தாள். அவன் அமுக்கினான். அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

“அண்ணாச்சி, நான் இப்பக் கொசு அடிச்சேன். அது ஒங்களுக்கு எந்தக் காதுல கேட்டுச்சு?”

பாண்டியராஜ் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.

கண்ணை மூடச் சொல்லி மறுபடி டெஸ்ட் வைத்தாள். வலது காதில் மெல்லிய சத்தம் எல்லாமே போயிருந்தது. இடது காது, மூடியே கிடந்த புண்ணியத்தில், ஓரளவு தப்பித்திருந்தது.

“போனது வராது அண்ணாச்சி. இருக்கறதக் காப்பாத்திக்கோங்க.”

“பாஸ்னு மட்டும் எழுதிருங்கம்மா,” சரண்யா உள்ளே வந்துவிட்டாள். “பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கு.”

“பொய் எழுத மாட்டேன்க்கா. ஆமா, ஒரு பக்கம் ஏன் தொறந்து வைக்கிறீங்க?”

அவன் சொன்னான். பேசுகிற வசதி உள்ள ஹெட்செட் கேட்டதையும், கம்பெனி காதிலேயே போட்டுக்கொள்ளாததையும் சொன்னான்.

பிளாரன்ஸ் அவனையே பார்த்தாள். “கையப் பாத்தே ஒரு டெஸ்ட்ட முடிக்கப் பாத்தீங்களே. ஜோன்ஸ் கத்தாம கையக் காட்டுனா ஒங்களுக்குத் தெரியாதா?”

ஆறு வருஷமாக யாருக்கும் தோன்றாத கேள்வி அது.

அவள் எழுதியது இதுதான்: வலது காது பழுது, ரெண்டு காதிலும் பஞ்சு அடைப்பான், அதன் மேல் இயர்மஃப், உத்தரவு எல்லாம் கைச் சைகையில், இப்படியானால் வேலை பார்க்கலாம். கம்பெனிக்குச் செலவு வைக்காத யோசனை என்பதால் உடனே கையெழுத்தாயிற்று. பஞ்சு அடைப்பான் டீ விலைதான்.

ஜோன்ஸுக்கு மட்டும் ஆத்திரம். “கைய ஆட்டிக்கிட்டு நிக்க நான் என்ன டிராபிக் போலீஸா?” என்று பிளாரன்ஸிடமே சண்டைக்குப் போனான். அவள் அவனைப் பிடித்துக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தாள். வெளியே வந்தவன் சத்தமே இல்லாமல் பஸ் ஏறினான். முப்பது வயதில் அவனுக்கும் பாதி போயிருந்தது. மறுநாள் ரோடு போடுகிறவர்கள் மாட்டுகிற பளபளக்கும் கையுறையோடு வந்து நின்றான்.

பாண்டியராஜ் வேலையில் இருந்தான். அவ்வளவுதான், காது வளர்ந்துவிடவில்லை. சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்காருவான். கத்திக் கத்திச் சலித்துப்போன சரண்யாவும் சைகைக்கு மாறிவிட்டாள். தலைக்கு மேல் ரெண்டு கையையும் குறுக்கே வைத்தால் நிறுத்து என்று அர்த்தம்; டிவி சத்தத்துக்கும் அதுதான், நாலாவது தோசைக்கும் அதுதான். இப்போது அந்த வீட்டில் சண்டை நடக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. “ஏளா, ஒடம்பு சரியில்லையா? ஒரு சத்தத்தையும் காணோம்,” என்று சண்முகத்தாய் நேரிலேயே வந்து கேட்டுப் பார்த்தாள்.

“இல்ல மைனி, சண்டதான் போட்டுக்கிட்டு இருந்தோம்,” என்றாள் சரண்யா.

அடுத்த வருஷ டெஸ்ட் தாளில், இடது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற கோடு இம்மியும் இறங்கவில்லை. அந்தத் தாளைச் சரண்யா ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

ஜோன்ஸ் ரிப்போர்ட்டில் சந்தேகம் கேட்கிறேன் என்று அந்த ஆஸ்பத்திரிக்கு எட்டு தடவை போனான். ஒன்பதாவது தடவை கல்யாணப் பத்திரிகையோடு போனான். பிளாரன்ஸும் அவனும் இப்போது கொச்சியில். பாண்டியராஜ் குடும்பம் வேலைக்குப் பக்கம் என்று வாகைகுளத்துக்கே வீடு மாறிப் போயிற்று. அவர்கள் காலி செய்த மில்லர்புரத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்திருக்கிறது. ரெண்டும் குசுகுசுவென்றே பேசுகிற சாதி. சண்முகத்தாய் திரும்பவும் சுவரோடு சாய்ந்து நிற்கிறாள்.