குடும்பத் தலைவர் வாசிப்பார்

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க உங்க வூட்டுல யாராச்சும் கீறாங்களா பெரிம்மா?" என்று ஷைனி கேட்டபோது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் தெருவில் நின்றாள். நான் உள்ளே கூப்பிடவில்லை.

"இது யார் வூடுன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரியும் பெரிம்மா. ஒரு வூடு வுடாம கேக்கணும்னு சொல்லிக்கீறாங்க. அதான்..."

"எங்க அப்பா கோயில்ல வேதம் சொல்லிக்குடுத்த உபதேசியாரு. எங்க மாமனாரு ஹார்பர்ல மேஸ்திரி. இந்த வூட்டுல அப்படி யாரும் கிடையாது. அடுத்த வூட்டுக்குப் போ."

ஷைனி எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள். பிராங்கிளினின் மகனைக் கட்டியவள். சனிக்கிழமை மாலைகளில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருடம் கம்பெனிக் குழாயில் கேஸ் கசிந்ததிலிருந்து அவளுக்கு இந்த வேகம். வாடை வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முனைக்கு முனை முன்பே பலகை வைத்திருந்தார்கள். அதைப் படிக்கத் தெரியாதவர்கள் எங்கள் எர்ணாவூரில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லையாம். நல்ல காரியம்தான். யார் வீட்டில் தேவையோ அவர்கள் வீட்டுக்கு நல்ல காரியம்.

உள்ளே திரும்பினேன். என் வீட்டுக்காரர் அருள்பிரகாசம் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வாய் தண்ணி குட்சுட்டுப் போன்னு கூட சொல்லல நீ."

"அவ என்ன விருந்துக்கா வந்தா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து இரும்புச் சுருளைத் தூக்கி, கீழே நிற்கிறவன் தலைமுடி கலையாமல் இறக்குவார் என்று பேர் வாங்கியவர். அந்தக் கைகள் முழங்காலின் மேல் சும்மா கிடந்தன.

"நான் போறேனே, இருதயம்" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"எங்க?"

"அங்கதான். சனிக்கிழமை."

"போயி? மீன்காரி தேவப்பிரியம் பக்கத்துல உக்காந்து ஆனா, ஆவன்னா சொல்லப் போறீங்களா?"

"அவ சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா?"

"அவளை யாரும் அன்பியத்துல வாசகம் படிக்கக் கூப்பிடல."

அவர் கைகளை முழங்காலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்பியம் என்பது எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டில் கூடிச் செய்யும் ஜெபம். எந்த வீட்டில் கூடுகிறதோ அந்த வீட்டின் தலைவர் எழுந்து நின்று அன்றைய வாசகத்தைப் படிக்க வேண்டும். இதுதான் முறை. எங்கள் வீட்டு முறை வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் படித்திருக்கிறார். ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை.

எப்படி என்றால், வாசகம் எது என்று முன்கூட்டியே கோயிலிலிருந்து சொல்லிவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு நான் படிப்பேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்பார். மூன்று தடவை கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வார். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லில் பக்கத்தைப் புரட்டுவது என்பதையும் சொல்லிக்கொடுப்பேன். மூக்குக் கண்ணாடியும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். அவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிடித்தால் ஒரு மரியாதை.

நானே அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். பெண்டாட்டி முன்னால் சிலேட்டோடு உட்காரும் நிலையில் அவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. புருஷனின் மரியாதைதான் வீட்டின் மரியாதை. அப்படித்தான் நான் வளர்க்கப்பட்டேன்.

"கேஸு வந்த அன்னிக்கு அந்தப் போர்டுக்குக் கீழதான் நின்னேன்" என்றார் அவர், திடீரென்று.

"அந்தக் கதை இப்ப எதுக்கு?"

"கொயந்த தோள்ல. எல்லாரும் ரெண்டு பக்கமும் ஓடிக்கினு கீறாங்க. மேல பெரிசா எழுதிக்கீது. நான் அத்தப் பாத்துக்கினே நிக்கிறேன். அப்பால கம்பெனி மதில் பக்கமாவே ஓடிட்டேன்."

பேத்தி அனிஷா இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். அவள் அப்பா, என் மகன் சாவியோ, கப்பல் வேலையில் இருந்தான். கேஸ் வந்த பக்கமே ஏன் ஓடினார் என்று கேட்டவர்களிடமெல்லாம் நான், "யாராவது மாட்டிக்கினு இருக்காங்களான்னு பாக்கப் போனாரு" என்று சொன்னேன். பிராங்கிளின் வந்து அவருக்குச் சால்வை போட்டுவிட்டுப் போனார். அந்தச் சால்வையை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை.

"நடந்தது நடந்துபோச்சு. வர்ற ஞாயிறு நம்ம வூட்டுல அன்பியம். வாசகம் வந்திருக்கு, விதைக்கிறவன் உவமை. கேளுங்க" என்று புத்தகத்தை எடுத்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஞாயிறு மாலை கூடம் நிறைந்துவிட்டது. இரண்டு ஜமுக்காளத்தை விரித்தும் போதாமல் சிலர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவரவர் கையில் புத்தகம், இளசுகள் கையில் போன். என் வீட்டுக்காரர் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். நான் சமையலறை வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கால் வைக்கவும் இடமில்லை. தொடக்கப் பாட்டை அவர்தான் எடுத்தார். கணீரென்று பாடினார்.

பாட்டு முடிந்ததும் பிராங்கிளின் எழுந்தார். அவர்தான் எங்கள் அன்பியத்துக்குத் தலைவர்.

"ஒரு சின்ன மாத்தம். இந்த மாசம் பூமிக்காக, தண்ணிக்காக, காத்துக்காக ஜெபம் பண்ணணும்னு கோயில்லருந்து பங்குச் சாமி மத்தியானம்தான் சொல்லி அனுப்பிச்சாரு. நம்ம கழிமுகம் கீற நெலமைக்கு நமக்குத்தான் அது ரொம்பத் தேவை. அதனால உவமை வேணாம். உலகம் படைச்ச வாசகம். புத்தகத்துல மொதல் பக்கம், எல்லாருக்கும் கேட்டுப் பழகினதுதான். அண்ணன் படிப்பாரு."

சொல்லிவிட்டு, தன் புத்தகத்தையே அந்தப் பக்கத்தில் விரித்து அவர் கையில் கொடுத்தார்.

தொண்டை சரியில்லை என்று சொல்லலாமென்றால், இப்போதுதான் தெரு முனை வரைக்கும் கேட்கப் பாடியிருக்கிறார். கண் தெரியவில்லை என்று சொல்லலாமென்றால், நான் துடைத்து மாட்டிவிட்ட கண்ணாடி மூக்கின் மேல் பளபளக்கிறது. நான் எழுந்துபோய்ப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளலாமென்றால், வீட்டுத் தலைவர் நிற்கும்போது அவர் கையிலிருந்து பிடுங்குவது எந்த வீட்டு வழக்கம்? அவருக்குத் தப்பிக்க வழியென்று ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. எல்லாக் கதவையும் நானே பார்த்துப் பார்த்துச் சாத்தியிருந்தேன்.

அவர் எழுந்து நின்றார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாசல் நாற்காலியில் யாரோ இருமினார்கள். எதிர்வீட்டு மிக்சி நின்றது. என் பக்கத்தில் இருந்தவள் விசிறிக்கொண்டிருந்த முந்தானையை மடியில் போட்டுக்கொண்டாள். அவர் நெற்றியில் வேர்வை கோடாக இறங்கிக் கண்ணாடிக்குள் போனது. துடைக்கவில்லை.

பிறகு அவர் வாயைத் திறந்தார். விதைக்கிறவன் உவமையைச் சொன்னார்.

வேறொன்றும் அவரிடம் இல்லை. வழியில் விழுந்த விதையைச் சொன்னார், பாறையில் விழுந்ததைச் சொன்னார். குரல் மட்டும் நடுங்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாராவது ஒருவர் "அண்ணே, அது இல்ல" என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பக்கத்திலிருந்து பின்பாதிக்குக் கொத்துக் கொத்தாகத் தாள்கள் புரண்டன. பிராங்கிளின், தன் புத்தகத்தைக் கொடுத்துவிட்டதால், பக்கத்தில் இருந்தவரின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டார். ஷைனி போனை விரலால் தள்ளித் தேடிக் கண்டுபிடித்தாள். முள்ளில் விழுந்த விதை வருவதற்குள் எல்லோரும் அந்தப் பக்கத்துக்கு வந்து, தலையைக் குனிந்து, அவர் சொல்லச் சொல்ல வரிவரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் முடித்தார். எல்லோரும் சொல்ல வேண்டிய பதிலைச் சொன்னார்கள். பிராங்கிளின், படைப்பைப் பற்றித் தயார் செய்துவந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மண்ணைப் பற்றிப் பேசினார். விதை நன்றாகத்தான் இருக்கிறது, நாம் மண்ணின் மேல் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டவிட்டிருக்கிறோமே, அதில் எது முளைக்கும் என்றார். அந்த வாசகத்துக்கென்றே யோசித்துவந்தவர் போலப் பேசினார்.

ஜெபம் முடிந்து டீயும் சுண்டலும் கொடுத்தேன். வழக்கம்போல எல்லோரும் அவரிடம் வந்தார்கள்.

"சூப்பரா படிச்சீங்கண்ணே."

"உங்க கொரலு ரேடியோ மாரி கீது நைனா."

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். வெறும் டம்ளரை வாங்கப் போவது போல நான் கிட்டே போனேன்.

"எல்லாரும் பக்கத்தத் திருப்பினாங்க, இருதயம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"காத்துல திரும்பியிருக்கும். சும்மா இருங்க."

"எத்தினி வருசமா தெரிஞ்சுக்கினே கம்னு கீறாங்களோ."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவட்டும். நாம வாயத் தொறந்து ஒத்துக்கணுமா?"

"நாம சொல்ற வரைக்கும் அவங்களும் நடிக்கணும். பாவம், அவங்களுக்கு இன்னா தலையெழுத்து?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் டம்ளரைச் சுரூபத்தின் பக்கத்தில் வைத்தார்.

"ஷைனி" என்று கூப்பிட்டார். "சனிக்கிழமை கிளாசுக்கு எம் பேரையும் எழுதிக்கம்மா."

சுண்டலை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அவரை ஒருவரும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். தேவப்பிரியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிராங்கிளின், இத்தனை பேர் முன்னால் பூமியையும் காற்றையும் பற்றி முழங்கிய மனிதர், டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை அறைக்குள் வரும்போது பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி நின்றார்கள்.

அவரை இவர்களிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று நான் இருந்தேன். அவரை என்னிடம் காட்டிக்கொடுக்காமல் இவர்கள் இருந்திருக்கிறார்கள்.

"பெரிம்மா..." என்றாள் ஷைனி மெதுவாக.

"என்னை எதுக்குப் பாக்குற? பேரு குடுத்தது அவரு." என் முதுகு தானாக நிமிர்ந்தது. "எத்தினி மணிக்கு?"

"நாலு மணிக்கு, பெரிம்மா."

"மூணே முக்காலுக்கு வருவாரு. இந்த வூட்டு ஆளுங்க எங்கயும் லேட்டா போயி பழக்கமில்ல. கடைசி பெஞ்சில உக்கார வச்சேன்னு காதுல வுழுந்துச்சு, நேரா அங்கயே வந்துடுவேன்."

"மொத பெஞ்சிலயே எடம் போடறேன் பெரிம்மா."

"என் பக்கத்துல எடம் கீதுண்ணே" என்றாள் தேவப்பிரியம். "மீன் வாடை அடிச்சா பரவால்லியா?"

"ஹார்பர்ல வேல பாத்தவனுக்கு மீன் வாடை இன்னா புதுசா?" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வெறும் டம்ளர்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கூடம் கேட்டது.

"மொதல்ல ரொம்பக் கஷ்டமா கீதா?" என்று அவர் கேட்டார்.

"கை வலிக்கும்ணே. என்னமோ பென்சிலு ஓடிப்பூடும்னு இறுக்கிப் புட்சுக்குவோம் பாரு, அதான். ஒரு மாசத்துல சரியாயிடும்" என்றாள் தேவப்பிரியம்.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல, தெரியுமா? இந்தக் கண்ணாடி சும்மா."

"தெரியும் நைனா" என்று இரண்டு மூன்று பேர் ஒன்றாகச் சொன்னார்கள். மறுபடியும் ஒரே சிரிப்பு. அவர் சிரிப்பும் அதில் இருந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

டம்ளர்கள் எப்போதோ சுத்தமாகிவிட்டன. நான் கழுவிக்கொண்டே இருந்தேன். யாராவது போக ஆரம்பித்தால் வாசல் வரை சென்று வழியனுப்ப வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். திரையை விலக்கினால் கூடம். அத்தனை பேரும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பதும் இப்போது அவர்களுக்குத் தெரியும். எந்த முகத்தோடு போய் நிற்பது?

"இருதயம், பிராங்கிளின் கெளம்புறாரு" என்று அவர் குரல் கொடுத்தார்.

"வரேன்" என்றேன். குழாயை மூடவில்லை.