ஒன்பது முதுகுகள்

கையைப் பாவாடையில் இரண்டு தரம் துடைத்த பிறகும் அம்சத்துக்குத் திருப்தி வரவில்லை. வாய்க்காலில் இறங்கி முழங்கை வரை அலசி, முந்தானையின் உலர்ந்த நுனியில் ஒற்றிக்கொண்டு வந்துதான் புத்தகத்தைத் தொட்டாள். அச்சுக்குப் போகும் முன் பார்ப்பதற்கென்று போட்ட ஒரே ஒரு மாதிரிப் பிரதி அது. அவளுடைய நாத்தனார் மலர்க்கொடி பட்டுக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவள். இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ என்று எடுத்துத் தள்ளியவள். மூன்று சம்பா நடவுகளாக அம்சத்தோடு சேர்ந்து நடவுக்குப் போகும் ஒன்பது பெண்களின் பின்னாலேயே அலைந்து எடுத்த படங்களை, எந்தப் பதிப்பகத்தின் வாசலிலும் போய் நிற்காமல், தானே புத்தகமாகப் போடப்போகிறாள். அவளுக்கு இதுதான் முதல் புத்தகம்.

மதியச் சோறு முடிந்து தூக்குச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பூவரச மரத்தடியில் ஒன்பது தலைகளும் ஒரே புத்தகத்தின் மேல் கவிந்தன.

“இந்தப் பச்சைப் பொடவை யாரு, நானா?” என்றாள் அம்சம்.

“ஒன் இடுப்பு இவ்ளோ ஒடுக்கமாடி?” வேம்பு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

“இருபது வருசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா நான்தான்னு சத்தியமே பண்ணியிருப்பேன்.”

சிரிப்பு மரத்துக் காக்கைகளைக் கிளப்பிவிட்டது. அடுத்த பக்கத்தில் ஒரு நீலப் புடவை. அது வேம்புவுடையது. ஆனால் போன வருடமே அதைக் கனிமொழிக்குக் கொடுத்துவிட்டாள். அப்படியானால் படத்தில் இருப்பது வேம்புவா, நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் கனிமொழியா? ரவிக்கையின் ஒட்டுத் தையலைப் பார்த்தார்கள், வளையலை எண்ணினார்கள், பித்தவெடிப்பைக்கூட ஆராய்ந்தார்கள். பக்கம் புரளப் புரளச் சிரிப்பு சன்னமாகிக்கொண்டே வந்தது. மலர்க்கொடி அதைக் கவனித்தாள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாமியார்களின் முகம் எந்தப் பக்கத்தில் மாறும் என்று தெரிந்தவளுக்கு இதுவும் தெரிந்தது.

“இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு மலரு?”

“நடவு, ஐப்பசின்னு போட்டிருக்கு அண்ணி.”

“நடவா? நம்ம தெருவுல அந்தப் பேருல ஒருத்தி இல்லியே.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்சம் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி, அட்டையிலிருந்த படத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். மழை மேகத்துக்குக் கீழே ஒன்பது முதுகுகள், ஒரே வீச்சில் இழுத்த கோடு மாதிரி. சென்னையில் ஒரு கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய படம். அதன் முன்னால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு நின்றதை மலர்க்கொடி தூணோரமாக நின்று பார்த்திருக்கிறாள்.

“மூணு வருசமா எங்க பின்னாலயே வந்தே,” என்றாள் அம்சம். “ஒரு தடவகூட முன்னால வரலியேடி.”

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தஞ்சாவூரில் புத்தகத்தை வடிவமைக்கும் பரிதி.

“அக்கா, பாத்தாச்சா? ஓகே சொன்னீங்கன்னா சாயங்காலமே சிவகாசிக்கு அனுப்பிடுவேன். இன்னிக்கு விட்டா நம்ம முறை போயிடும். அப்பறம் டைரி, காலண்டர் வேலை நெருக்கிடும், பொங்கல் முடியற வரைக்கும் மிஷின் பக்கமே நம்மள விடமாட்டாங்க.”

“அரை மணி நேரத்துல சொல்றேன் பரிதி.”

பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டிருந்தார்கள். இந்த வருட சம்பாவில் அவர்கள் கைக்கு இதுதான் கடைசி வயல், அதிலும் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மலர்க்கொடி புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி வரப்பில் நடந்தாள். வழியில் ஒரு நாற்றுக் கட்டு பொத்தென்று விழுந்து காலை மறித்தது. எறிந்தவள் வேம்பு. நடவு வயலுக்கு வந்தவரை இப்படி மறித்துக் காசு கேட்பது நடவாட்களின் உரிமை. மிராசுதாரே ஆனாலும் மடியிலிருந்து எதையாவது அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத்தான் தாண்டிப் போக முடியும். மலர்க்கொடி சிரித்துக்கொண்டு பர்ஸைத் திறந்தாள்.

“காசு யாருக்கு வேணும்? எங்க மூஞ்சிய வச்சிட்டுப் போ.”

வரிசை மொத்தமும் நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

“அக்கா, எப்படி எடுக்கறது, நீங்களே சொல்லுங்க,” என்றாள் மலர்க்கொடி. “நீங்க பின்னாலயே நகந்து நகந்து நடறீங்க. ஒங்க மூஞ்சி இருக்கறது நட்டு முடிச்ச பக்கம். எதுத்த வரப்புலேருந்து பாத்தா உச்சந்தலதான் தெரியுது. மூஞ்சி வேணும்னா நட்டதுக்குள்ளயே எறங்கி உக்காரணும். நாத்த மிதிக்க முடியுமா?”

அவள் ஒருமுறை மிதித்தவள். ஏழு வயதில் ஒரு தட்டானைத் துரத்திக்கொண்டு நட்ட வயலுக்குள் ஓடியிருக்கிறாள். இதே வயல். அப்போது மிராசுதாருடையது. வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் வரப்பில் நின்று போட்ட சத்தத்தில் தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மாவுக்கு அன்று அரைக் கூலிதான். அம்மா மகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, குனிந்தவள் நிமிரவேயில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வரப்பில் நின்ற பிள்ளை, அப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியும் வரப்பைவிட்டு இறங்கவில்லை.

“மிதிச்சா யாரு கேப்பா?” என்றாள் அம்சம்.

மலர்க்கொடி பர்ஸை மூடிப் பைக்குள் வைத்தாள்.

“ஒன்னத்தான் கேக்கறேன். ஒங்கண்ணன் சிங்கப்பூர்ல வெந்து சம்பாரிச்சு வாங்குன வயலு. பட்டா யாரு பேர்ல இருக்கு?”

“ஒங்க பேர்ல அண்ணி.”

“அப்பறம் என்ன? எறங்கு. நீ மிதிக்கறத நாங்க நட்டுக்கறோம்.”

செருப்பைக் கழற்றினாள். சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டாள். முதல் அடியில் நாற்று பாதத்துக்கடியில் நெளிந்து சேற்றுக்குள் போனது. எங்கிருந்தும் சத்தம் வரவில்லை. இரண்டாவது அடி. மூன்றாவது. வரிசைக்கு எதிரே நாலு முழ தூரத்தில் மண்டியிட்டு, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தினாள்.

குனிந்த முகம் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. ஒவ்வொரு குத்து நாற்றையும் ஊன்றிவிட்டுக் கண் மேலேறி, அதுவரை நட்டதன் மேல் ஒரு ஓட்டம் ஓடி, நெருக்கம் பார்த்து, கோணல் பார்த்துவிட்டுத் திரும்பியது. வேம்பு மருமகனைத் திட்டிக்கொண்டே அப்படிப் பார்த்தாள். தலைத்துண்டுக்குள் இயர்போன் செருகியிருந்த கனிமொழியும் உதட்டுக்குள் எதையோ பாடிக்கொண்டே பார்த்தாள். அம்சம் பார்த்த பார்வையில் மலர்க்கொடியின் விரல் ஷட்டரின் மேல் ஒரு கணம் நின்றுவிட்டது. வேலிக்கணக்கில் நிலம் வைத்துக்கொண்டு அதை வண்டியிலிருந்தே பார்வையிடுகிறவர்களுக்குக்கூட அப்படி ஒரு பார்வை வாய்த்து அவள் கண்டதில்லை.

“பேரச் சொல்லிட்டே நடுங்க,” என்று கத்தினாள்.

“வேம்பு! அதோட நிறுத்திக்க. க/பெ போட்டு அந்த ஆளு பேர எழுதிடாத, அவரு ஒரு நாளும் நாத்தத் தொட்டதில்ல!”

சிரிப்பில் வரிசை அலைபோல் குலுங்கியது. அந்தக் குலுக்கலைத்தான் மலர்க்கொடி விடாமல் எடுத்தாள். ஒன்பது முகம், ஒன்பது வாய், தெறித்த சேறு, வெற்றிலைச் சிவப்பு. எடுக்கும்போதே இதுதான் படம் என்று தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படித் தெரிந்தது இரண்டு மூன்று தரம்தான்.

போன் அடித்தது. சுண்டு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“அக்கா, ஓகேவா?”

“அட்டை மாறுது பரிதி. உள்ளயும் நெறைய மாறுது. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பேரு வரும்.”

“அக்கா! பரிசு வாங்குன படம்கா அது. இப்ப விட்டா பொங்கலுக்கு அப்பறம்தான்!”

“தம்பி,” என்று வரிசையிலிருந்து வேம்பு குரல் கொடுத்தாள், “பொங்கலுக்கு அப்பறமும் நாங்க இங்கதான்ப்பா இருப்போம்!”



“யாருக்கா அது?”

“அட்டைப்படம்,” என்றாள் மலர்க்கொடி.

வெயில் சாய்வதற்குள் மூலையில் கடைசி வரிசையும் நட்டாகிவிட்டது. வேம்பு தொடங்க, ஒன்பது குலவையும் ஒன்றாக எழுந்து வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று. மலர்க்கொடி வந்த தடத்திலேயே கால் வைத்து வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். நட்ட பச்சைக்கு நடுவில் அவள் போன தடம் மட்டும் குழிகுழியாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மிச்சமிருந்த நாற்றைப் பகிர்ந்துகொண்டு பெண்கள் அந்தத் தடத்தின் வழியே ஒருவர் பின் ஒருவராக முன்னால் நடந்து வந்தார்கள். அவள் மண்டியிட்டிருந்த இடத்தில் அம்சம் நின்றாள்.

“யானை படுத்த மாதிரியில்ல பண்ணி வச்சிருக்கா!”

அந்தக் குழிக்கு மட்டும் மூன்று குத்து வைத்தாள். வேம்பு கடைசித் தடத்தில் தன் காலை வைத்து அளந்து பார்த்தாள். அது சரியாகப் பொருந்தியது. காலை எடுத்ததும் சேற்றுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அது அடங்குவதற்குள் கட்டைவிரலால் நாற்றை ஊன்றி, நிமிர்ந்து, வயல் முழுக்க ஒரு பார்வை ஓட்டினாள்.