கஞ்சாக் கடையில் கேட்க வேண்டிய ஒன்பது கேள்விகள்

1

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு கண்ணில் பட்டது. ஜனவரியில் மாலை எழுத்து வகுப்புக்குக் கடைசியாகக் கொடுத்த கேள்விப் பட்டியலின் பிரதியில், ஏழாவது கேள்விக்கு அடுத்து ஒன்பது என்று எண் போட்டிருக்கிறேன். எட்டு இல்லை. வகுப்பில் பதினோரு பேர். ஒருவரும் கவனிக்கவில்லை. அச்சுக்குப் போவதற்கு முன் நானே எண்களைச் சரிசெய்துவிட்டேன்.

இந்தக் கதை மேலே உள்ள நாட்குறிப்பிலிருந்துதான் பிறந்தது. கற்பனை வற்றிப்போய் நாட்குறிப்பைத் திருடுகிறாள் என்று நினைத்தால், சரிதான்.

இனி 'நான்' வேண்டாம். 'நான்' என்று எழுதினால் இரண்டாம் பக்கத்திலேயே என்மேல் எனக்கு இரக்கம் வந்துவிடுகிறது. மூன்று முறை எழுதிப் பார்த்தாகிவிட்டது. ஆகவே ஓர்லிண்டா. ஓர்லிண்டா மாயெஸ், வயது இருபத்து நான்கு, கஞ்சா விற்பனை சட்டப்படியே நடக்கும் அமெரிக்க ஊரான ப்யூப்லோவில் ஒரு கஞ்சாக் கடையில் வேலை, செவ்வாய்தோறும் எழுத்து வகுப்பு. அவளும் இதை எழுதுகிறவளும் ஒருத்திதான். கடைசியில் திடுக்கிட வைப்பதற்காக அதை ஒளித்து வைக்கப் போவதில்லை. திடுக்கிடுவதற்கு வேறு இருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அன்று மலைப்பக்கத்திலிருந்து காற்று—' வேண்டாம். காற்று எதுவும் செய்யவில்லை.

இரண்டாம் முயற்சி: 'கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த உலகம்—' பிரசங்கம். அதோடு பொய்.

மூன்றாம் முயற்சி, எல்லாம் தொடங்கிய அந்தக் கேள்வி அட்டையிலிருந்து: வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஊரில் யாருக்காவது உண்மையிலேயே உதவுகிற மாதிரி ஒரு பக்கம் எழுத வேண்டும். குழாய் வேலை செய்யும் வில்லார்ட், பனியில் குழாய் உறைந்துபோனால் என்ன செய்வது என்று எழுதினார். ஓர்லிண்டா, கஞ்சாக் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதினாள். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். கண்ணாடி ஜாடிகளைப் பார்த்து மிரண்டுபோய், "எது நல்லா இருக்கும்?" என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

கடை மேலாளர் பெவர்லிக்கு அந்தப் பக்கம் பிடித்துப்போனது. உள்ளங்கை அளவு அட்டையில், ஒரே பக்கத்தில், முந்நூறு பிரதி அச்சடித்து வாசல் மேசையில் வைத்தாள். "இனிமே எல்லாரும் அட்டை வரிசைப்படியே பேசுங்க. உளறல் இருக்காது" என்று கவுண்ட்டரில் நிற்பவர்களிடமும் சொன்னாள்.

3

பிப்ரவரி 22, சனிக்கிழமை காலை. ஃபிடென்சியோ விஹில், வயது எழுபத்தெட்டு. இரும்பு ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, இரண்டு கை விரல்களும் முடிச்சு முடிச்சாகிப்போனவர். கவுண்ட்டரில் டோரியன். அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது, அந்தக் கடையிலேயே பழைய ஆள்.

"வாசல்ல என் வயசைக் கேட்டாங்க தம்பி. எனக்கு இருபத்தொண்ணு ஆயிடுச்சான்னு சந்தேகமா?"

"விதிங்கய்யா. பாதிரியாரே வந்தாலும் கேப்போம்."

"வந்திருக்காரா?"

"அதைச் சொல்லக் கூடாது."

பெரியவர் கடகடவென்று சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அட்டையை மேசைமேல் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"கை வலிக்கு நாக்குக்கடியில விடுற சொட்டு இருக்காமே. இரு, வரிசையா வர்றேன். ஒண்ணு, இது போதை ஏத்துமா?"

"ஏத்தாதுங்கய்யா. போதை தர்றதைப் பிரிச்சு எடுத்துட்டாங்க. இது வேற சத்து."

"நல்லதாப் போச்சு. எம்பொண்ணு பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவ. நான் சும்மா சிரிச்சாலே கிட்ட வந்து மோந்து பாப்பா." ஒரு டிக்.

ஒரு சொட்டில் எவ்வளவு? டிக். வேலை செய்ய எவ்வளவு நேரமாகும்? முதல் நாள் எவ்வளவு எடுக்கலாம்? ("கால் அளவுங்க. ஒரு வாரம் பாத்துட்டு ஏத்துங்க.") எவ்வளவு நேரம் நீடிக்கும்? டிக், டிக், டிக்.

"ஆறு. எங்க விளைஞ்சது?"

"இங்கதான், ஆத்துக்குத் தெக்க."

"மிளகா வெளையுற மண்ணாச்சே! அப்ப காரமா இருக்குமே."

ஏழு, பரிசோதனைச் சான்று எங்கே? டோரியன் புட்டியைத் திருப்பி ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். எட்டு, இதை எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டலாமா?

"ஆரம்பத்துல வேணாம். பழகுற வரைக்கும் பாருங்க."

"என் வண்டியை நீ பாத்ததில்ல தம்பி. அது தன்னாலயே தள்ளாடும்."

ஒன்பது, வீட்டில் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் எப்படி வைப்பது? "நாய் இருக்கு. அது என்னைய விட விவரம்." டிக்.

ஓர்லிண்டா பின்னறையில் ஜாடிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான்காவது கேள்வியில் வேலையை விட்டுவிட்டுக் கதவருகே வந்து நின்றுவிட்டாள். தான் எழுதியதை முன்பின் தெரியாத ஒருவர் வாய்விட்டு வாசிப்பதை அவள் அதுவரை கேட்டதில்லை.

"எல்லாம் கேட்டாச்சு. யாரு எழுதினது இது?"

டோரியன் கட்டைவிரலால் அவளைக் காட்டினான்.

"நீயா மிஹா?* நல்லாயிருப்ப."

(*எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இளம்பெண்கள் எல்லோரையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். 'மகளே' மாதிரி. இந்தக் குறிப்பை நீட்டி அடுத்த பகுதியைத் தள்ளிப்போட முடியுமானால் கடைசி வரை தள்ளிப்போட்டிருப்பேன்.)

4

மார்ச் 8, சனிக்கிழமை. பெரியவரின் மகள் மர்செல்லா கடைக்கு வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுதுவதற்கு எளிதாக இருந்திருக்கும். பஸ் ஓட்டுநர் சட்டையோடு கவுண்ட்டருக்கு வந்தாள். புட்டியை வைத்தாள். அதன்மேல் அட்டையை வைத்தாள்.

"இந்த டிக் எல்லாம் எங்கப்பா போட்டது. ஒம்பதும் கேட்டாரா?"

"கேட்டாரும்மா. ஒண்ணு விடாம" என்றான் டோரியன். பெருமையாகத்தான் சொன்னான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

"நீயும் ஒம்பதுக்கும் பதில் சொன்ன."

"சொன்னேன். என்னாச்சும்மா?"

"ஒரு வாரமா கை முழுக்கக் கன்னிப்போயிருந்துச்சு. கத்தரிக்கா நெறத்துல. கேட்டா, இடிச்சுக்கிட்டேன்னாரு. வியாழக்கெழம அலமாரிக் கதவு தலையில பட்டுச்சு. சின்ன அடிதான். எனக்கே சத்தம் கேக்கல. ராத்திரிக்குள்ள வாய் கோணிப்போச்சு." அவள் அட்டையைத் தடவிக்கொண்டே பேசினாள். "மண்டைக்குள்ள ரத்தம். ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடுறாரு. இந்தச் சொட்டு உள்ள போயி அந்த மாத்திரையோட வேகத்தை ஏத்திவிட்டுருச்சாம். டாக்டர் சொல்றாரு. போதையே இல்லாத சொட்டு. ஒம்பது கேள்வி எழுதி வெச்சிருக்கீங்க, நாய்க்கு எட்டாம வைக்கிறது வரைக்கும். வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு ஒருத்தருக்குக் கூடவா கேக்கத் தோணல?"

டோரியன் குனிந்து அட்டையில் இருந்த டிக்குகளை மறுபடியும் எண்ணினான்.

பின்னறைக் கதவருகே நின்ற ஓர்லிண்டாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. (இதற்கு ஒரு உவமை எழுதி அடித்தேன். இரண்டாவது எழுதி அதையும் அடித்தேன். காது அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.)

5

ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகம். பெரியவரை நான் அளவுக்கு மேல் நல்லவராக எழுதுகிறேனோ? ஓர்லிண்டாவுக்கு அவரைப் பதினொரு நிமிடம்தான் தெரியும். அவர் மகளை அடித்து வளர்த்தவராக இருக்கலாம். ஆலையில் கூட இருந்தவனைக் காட்டிக் கொடுத்தவராகக்கூட இருக்கலாம். அப்படி எழுதிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. கெட்டவராக இருந்தாலும் மண்டைக்குள் அதே ரத்தம்தான்.

6

திங்கட்கிழமை பெவர்லி தன் அறையில் பிப்ரவரி 22-இன் காமிராப் பதிவை ஓட்டினாள். ஓர்லிண்டாவையும் கூப்பிட்டாள். படத்தில் சத்தம் கிடையாது.

"டாக்டரைக் கேளுங்கன்னு ஒரு வார்த்தை. எந்தப் பெரியவர் வந்தாலும் சொல்லணும்னு வேலைக்குச் சேரும்போதே சொல்லித் தர்றோம். டோரியன் சொன்னானா இல்லையா, அதான் எனக்கு வேணும்" என்றாள் பெவர்லி. "வாயசைவு பாரு. நீ கிட்டதான் நின்ன. சொன்னானா?"

"ஞாபகமில்ல" என்றாள் ஓர்லிண்டா.

(ஞாபகம் இருந்தது. டோரியன் சொல்லவில்லை. அட்டையில் அது இல்லை. அட்டைப்படி பேசு என்று பெவர்லியே சொல்லியிருந்தாள்.)

"புதன்கெழம பத்து மணிக்கு முதலாளி வர்றாரு. அது வரைக்கும் அவன் கழுத்துல மாட்டுற வேலை உரிம அட்டை எங்கிட்ட. எனக்கென்னமோ திரும்பக் கிடைக்காதுன்னு தோணுது. இங்க போச்சுன்னா இந்த மாநிலத்துல வேற எந்தக் கடையும் அவனைச் சேக்காது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. நீ டாக்டரா? உனக்கு எப்படித் தெரியும்?"

படம் ஓடிக்கொண்டிருந்தது. பென்சில் பெரியவருடையது இல்லை, டோரியன்தான் கொடுத்தான். மேலே மூன்றாம் பகுதியில் தவறாக எழுதியிருக்கிறேன், திருத்தப் போவதில்லை. பெரியவர் குனிந்து ஒன்பதாவது டிக்கைப் போட்டார். திரையின் இடது ஓரத்தில், கதவு நிலையில் சாய்ந்து நின்ற பெண் பல் தெரியச் சிரித்தாள். பிறகு நெஞ்சருகே இரண்டு கைகளையும் சேர்த்து, சத்தம் வராமல் கை தட்டினாள். மூன்று தடவை.

கை தட்டியது ஓர்லிண்டாவுக்கு நினைவே இல்லை. திரையில் இருந்தவளைப் பார்த்து, யார் இவள் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள்.

7

இந்தப் பகுதியை எழுதாமல் நேராக முடிவுக்குப் போய்விடலாமா என்று இரண்டு மணி நேரமாக யோசனை.

மொத்தம் பத்துக் கேள்விகள் இருந்தன. நோட்டில், 41-ஆம் பக்கத்தில், எட்டாவது: 'நான் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு இது சேருமா?'

வகுப்பில் அதை வாசித்தபோது வில்லார்ட் கேட்டார்: "அதுக்கு உங்க கடையில என்ன பதில் சொல்வீங்க?"

"எங்களுக்குச் சொல்ல உரிமை கிடையாது. டாக்டரைக் கேளுங்கன்னுவோம்."

"அப்பறம் எதுக்கும்மா அந்தக் கேள்வி? தண்ணி வராத குழாய் மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். ஓர்லிண்டாவும் சிரித்தாள். அங்கேயே பேனாவால் அடித்தாள். வில்லார்டுக்காகத்தான் அடித்தாள் என்று கதையை இங்கே முடித்துவிட்டால் நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ஆனால் ஓர்லிண்டா ஒன்றரை வருடம் கவுண்ட்டரில் நின்றவள். அந்த ஒரு கேள்வியைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். "சரி, கேட்டுட்டு வர்றேன்" என்று புட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். பாதிப்பேர் திரும்பி வர மாட்டார்கள். ஆட்களைத் திருப்பியனுப்பும் அட்டையைப் பெவர்லி அச்சடிக்க மாட்டாள் என்றும் தெரியும். அட்டை அச்சாக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். தன் பெயர் இல்லாவிட்டாலும், தன் வாக்கியங்கள் அச்சில் வர வேண்டும்.

கடையிலிருந்து பதில் வாங்குவதற்கான கேள்வி இல்லை அது. கேட்டவரை வாசலைத் தாண்டி வெளியே அனுப்புவதற்கான கேள்வி. அதன் வேலையே அதுதான். அவள் அதைத் தெரிந்தே அடித்தாள்.

நேற்று மாலை டோரியன் தொலைபேசியில் அழைத்தான்.

"ஓர்லி, நூறு தடவை யோசிச்சுட்டேன். நான் எதை விட்டேன்? அட்டையில இருந்தது அத்தனையும் சொன்னேனே. என் பொண்டாட்டி கூட ஒரு மாதிரி பாக்குறா. நீ சொல்லு, நீதானே எழுதினவ. எதை விட்டேன்?"

அவள் 41-ஆம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "அடுப்புல பால் இருக்கு, அப்பறம் பேசறேன்" என்றாள். அடுப்பில் எதுவும் இல்லை.

9

எட்டை விட்டுவிட்டேன். இந்தத் தடவை சொல்லிவிட்டு விடுகிறேன்.

முடிவு அ: ஜூன் மாதம் ஃபிடென்சியோ கைத்தடியோடு கடைக்கு வருகிறார். "எம்பொண்ணு இப்ப என் மூஞ்சியோட சேத்து மாத்திரை டப்பாவையும் மோந்து பாக்குறா" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். இது நன்றாக வந்தது. ஆனால் அந்த வசனம் நான் அவர் வாயில் வைத்தது. இந்த வரியை எழுதும் நேரத்தில் அவர் கண் விழித்திருக்கிறார், மகளின் கையை அழுத்துகிறார். இன்னும் பேச்சு வரவில்லை. பேச முடியாதவருக்கு நகைச்சுவை எழுதிக் கொடுத்து அதில் மன்னிப்பையும் வாங்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

முடிவு ஆ: ஓர்லிண்டா எதுவும் சொல்வதில்லை. டோரியன் வேறு ஊருக்குப் போய்க் கூரை வேலையில் சேருகிறான். அட்டையின் இரண்டாம் பதிப்பில் பத்துக் கேள்விகள். புதிதாகச் சேர்த்ததற்காகப் பெவர்லி அவளைப் பாராட்டுகிறாள். இதை எழுத நாற்பது நிமிடம்தான் ஆனது. ஒரு இடத்தில்கூடப் பேனா நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன்.

முடிவு இ: அவள் நோட்டை மேசைமேல் வைத்து—

இதை என்னால் எழுத முடியவில்லை. இன்னும் நடக்கவில்லை. எழுதிவிட்டால் செய்துவிட்ட மாதிரி இருக்கும், நாளை படுக்கையை விட்டு எழ மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். மூன்றாம் பகுதியில் அந்த ஒன்பது கேள்விகளையும் நீங்களும் பெரியவரோடு சேர்ந்து படித்தீர்கள். நீங்கள் அங்கே என்ன கேட்டீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நாளை, புதன். கூட்டம் பத்து மணிக்கு. ஒன்பதரைக்குள் கடைக்குப் போக வேண்டும். நோட்டைக் கொண்டுபோக வேண்டும், பக்கத்தைக் கிழித்து அல்ல, முழு நோட்டாக. முதலில் டோரியனிடம் காட்ட வேண்டும், பிறகு பெவர்லியிடம். பக்கம் 41. அடித்த கோட்டுக்கு அடியில் கேள்வியை இன்னும் படிக்க முடிகிறது.