படகில் எழுபத்து நான்கு கிலோ

எதெல்மிராவின் கயாக் தரையில் பத்தொன்பது கிலோ. தண்ணீரில் இறக்கினால் தொண்ணூற்று மூன்று. சிலி நாட்டின் சிலோயே தீவில், எங்கள் படகுத்துறையில், இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எத்தனை கிலோ ஏற்றினால் எவ்வளவு அமிழும் என்று படகின் பலகைகள் வந்த பெட்டியிலிருந்த வரைபடத்தில் கோடு போட்டிருந்தார்கள். ஆளில்லாத அந்தப் படகு எழுபத்து நான்கு கிலோ கோடு வரைக்கும் அமிழ்ந்து நின்றது. அவள் புருஷன் நோல்பெர்த்தோ ஆர்டர் படிவத்தில் தன் எடை என்று எழுதியதும் அதுதான்.

பெட்டியில் படகு வரவழைத்ததற்கே ஊர் அவனை ஓட்டித் தள்ளியிருந்தது. தடுக்கி விழுந்தால் படகுத் தச்சன் மேல் விழுகிற தீவில், ஒரு எஞ்சின் மெக்கானிக் வால்திவியாவிலிருந்து பலகை பலகையாகத் தபாலில் வாங்குகிறானாம். "அப்படியே கடலையும் மடிச்சுப் போட்டு அனுப்பச் சொல்லுப்பா" என்றார் தச்சர் எலியோதோரோ. பெட்டி வந்தபோது கேலியைக் கேட்க அவன் இல்லை. ஐந்து வாரம் முன்பு, ஆகஸ்ட் மாதக் குளிர்காலத்து வடக்குக் காற்றில், ஜலசந்தியில் கவிழ்ந்து போயிருந்தான். உடல் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் ஜெபம் வைக்கச் சொல்லி அவன் தங்கை ஒர்த்தென்சியா வந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் அந்த ஜெபம் முடியாமல் செத்தவர் கிளம்ப மாட்டார். எதெல்மிரா மறுத்ததும் அதனால்தான்.

"அண்ணன் குளிர்ல கெடக்குறான் அண்ணி. அனுப்பி வைங்க."

"எங்கடி அனுப்பச் சொல்ற? இன்னும் வீட்டுக்கே வரலையே."

சாப்பாட்டு மேசையை முற்றத்தில் தள்ளிவிட்டு, அந்த அறையிலேயே பலகைகளைப் பரப்பினாள். ஓட்டைகள் போட்டே வந்திருந்தன. கிழிந்த சாக்கைத் தைப்பதுபோல் செப்புக் கம்பியால் தைத்துப் பசை பூசினாள். குளிரில் பசை இறுகாது. நாற்பத்தொரு நாள் அடுப்பு அணையவில்லை. இரண்டு குளிர்காலத்து விறகும் தீர்ந்தது. இருக்கையை ஓட்டுபவரின் இடுப்புக்குச் செதுக்க வேண்டும் என்று குறிப்பு சொன்னது. வேறு யாராயிருந்தாலும் தானே உட்கார்ந்து அளந்திருப்பார்கள். இவள் நோல்பெர்த்தோவின் கால்சட்டையில் ஆட்டு ரோமத்தை அடைத்து, அதை உட்காரவைத்துச் செதுக்கினாள். தப்பு அங்கேதான் நடந்தது. ஜன்னலைப் பெயர்த்துப் படகை வெளியே எடுக்க ஏழு பேர் வந்தார்கள்; உருளைக்கிழங்கு ரொட்டியும் ஆப்பிள் சாராயமும் கொடுத்தாள். தண்ணீரில் இறக்கியதும் படகு அமிழ்ந்தது. எலியோதோரோ தொப்பியைக் கழற்றினார். "ஆள் ஏறிட்டான்" என்றார்.

ஆறு வருடம் அது துறையில் கட்டிக் கிடந்தது. ஏற முயன்றவர்களை மரியாதையாகவே வெளியே தள்ளியது. எதெல்மிராவை மூன்று முறை தள்ளியது. மூன்றாம் முறை நனைந்த துணியோடு துறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பின்னல் போடுவதும், அன்றைய கதைகளை அவனிடம் சொல்வதுமாக நாள் போனது. தலை நரைத்தது. ஆகஸ்ட் தோறும் ஒர்த்தென்சியா வந்து கேட்பாள், திரும்பிப் போவாள். ஆறாவது வருடம் நுரையீரல் கெட்டு, மூச்சு வாங்க வந்தாள்.

"நான் செத்தா ஒன்பதே நாள்ல அனுப்பிருவீங்கதானே அண்ணி. அவன் மட்டும் என்ன, கட்டிப் போட்ட மாடா?"

எதெல்மிரா ஜெபக்காரருக்கு ஆள் அனுப்பினாள். ஜெபம் துறையிலேயே நடந்தது. நாளுக்கு எட்டு கிலோ சொச்சம் குறைந்து படகு கோடு கோடாக மேலே வந்தது. எட்டாம் நாள் சாயங்காலம், மறுநாள் விருந்துக்கு ஆடு அறுத்தாகிவிட்ட நிலையில், எதெல்மிரா எழுந்து ஜெபக்காரரின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"போதும். மிச்சம் எனக்கு."

"இன்னும் ஒரு நாள்தானே அண்ணி."

"அதான் நானும் சொல்றேன். ஒரு நாள்தானே."

 ஆட்டை வீணாக்க வேண்டாம் என்று ஒர்த்தென்சியா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மறுநாள் காலையில் எதெல்மிரா படகில் ஏறினாள், அது தள்ளவில்லை. எட்டு கிலோ அவள் மடியில் சில்லென்று வந்து உட்கார்ந்தது. இப்போது வியாழக்கிழமைகளில் ஜலசந்தியைக் கடந்து சந்தைக்குப் போகிறாள். எதிரே வரும் படகுக்காரர்கள் இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்கிறார்கள்.