நூறாவது மேற்கோள்

அன்று காலை பாயிஸாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எப்போதோ அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை நூறாவது ஆள் மேற்கோள் காட்டியிருந்தார். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, உலோகத்துக்கும் கரிமத்துக்கும் கல்யாணம் செய்துவைப்பதில் பாதி வயதைக் கரைத்தவள் அவள். மற்ற கட்டுரைகளை ஈ காக்கைகூடச் சீண்டவில்லை. இந்த ஒன்றுதான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அது ஒரு சாண்ட்விச் மூலக்கூறு: மேலே ஒரு கரிம வளையம், கீழே ஒன்று, நடுவே இரும்பு. உலகத்தில் அப்படிப்பட்டவை ஏராளம். ஆனால் பாயிஸா செய்த சிவப்புப் பொடி, மற்றவை செய்யாத வேலையெல்லாம் செய்தது. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அதனாலேயே ஆளாளுக்கு மேற்கோள் காட்டினார்கள்.

கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் தம்பி அப்சலுக்கு முதலில் போன் போட்டாள். மேற்கோள் எத்தனை ஆச்சு என்று தினமும் ஸ்கோர் கேட்கிறவன் அவன்.

"நூறு ஆயிடுச்சுடா."

"நெசமாவா ஆபா?" அவர்கள் வீட்டில் அக்காவுக்கு ஆபா என்றுதான் பெயர். "நீ காலேஜுக்குப் போய்க்கினே இரு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அப்சல் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பயப்பட வேண்டும். சந்தோஷத்தில் அவள் பயப்பட மறந்துவிட்டாள்.

மதியம் டீயும் கையுமாக உட்கார்ந்து அந்த நூறாவது கட்டுரையைத் திறந்தாள். டீ ஆறிப்போனது. ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: பாயிஸா சொன்ன அமைப்பு தவறு, மூலக்கூறின் எடை கணக்கைவிடக் கூடுதலாக வருகிறது, அது வேறு என்ன என்று எங்களுக்கும் தெரியவில்லை. அந்தக் கூடுதல் எடையைப் பாயிஸாவும் அப்போதே பார்த்தவள்தான். அழுக்கு என்று தள்ளிவிட்டிருந்தாள். விளக்கம் கொடுங்கள், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று பத்திரிகையிலிருந்தும் மெயில் வந்திருந்தது. திரும்பப் பெற்றால் நூறும் போச்சு, பேரும் போச்சு. அவளுக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்து அப்சல் கூப்பிட்டான். "ஆபா, பேனர் கட்டிக்கினு இருக்கோம். கச்சிராயபாளையம் ரோட்டுல. மலைக்குப் போற பஸ்ஸெல்லாம் பாத்துக்கினே போவும்."

பேனர் கயிற்றை அறுக்கக் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

பேனரில் கல்வராயன் மலை அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அருவிக்கு முன்னால் பாயிஸா, அவளுக்கே அடையாளம் தெரியாத வெள்ளை நிறத்தில். 'உலகமே மேற்கோள் காட்டும் எங்கள் இரும்புப் பெண்மணியே' என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுத்து. பக்கத்தில் அவளுடைய மூலக்கூறு. பிளக்ஸ் கடை பகலவன் ஏணியில் நின்று கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்சல் கீழே ஏணியைப் பிடித்திருந்தான்.

"இன்னாங்க இது? மூணு வளையம் இருக்கு. நான் எழுதனது ரெண்டு."

"அப்சலு ரெண்டுதாங்க மேடம் குடுத்தாரு. கீழ எடம் ஜாஸ்தியா காலியா கெடந்துச்சு, மொட்டையா தெரிஞ்சுது. அதான் இன்னொரு இரும்பும் இன்னொரு வளையமும் வெச்சு எறக்கிட்டேன்."

திட்டத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மூன்று வளையம், இரண்டு இரும்பு. சாண்ட்விச்சின் அடியில் இன்னொரு சாண்ட்விச்.

சாலையோர மதகில் உட்கார்ந்து செல்போனில் எடைகளைக் கூட்டினாள். ஜெர்மனிக்காரர் சொன்ன எடை அச்சாக வந்தது. நம்பாமல் கீழேயிருந்து மேலே கூட்டினாள். அதேதான். ஒற்றை இரும்பு எப்படி அத்தனை வேலை செய்கிறது என்று ஊர் உலகமே மண்டையைப் பிய்த்துக்கொண்டதே, அங்கே இருந்தது இரண்டு இரும்பு. பாயிஸா சிரிக்க ஆரம்பித்தாள். வெள்ளிமலை பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

அப்சல் அரண்டுபோனான். "ஆபா, இன்னா ஆச்சு உனக்கு?"

"தப்புன்னா சொல்லிடுங்க மேடம்," என்றார் பகலவன். "ஸ்டிக்கர் ஒட்டி ஒரு அடுக்க மறைச்சிடறேன்."

"அதுல கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி." கத்தரிக்கோல் பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

பொருள் இன்னதென்று தெரிந்த பிறகு அதற்கேற்ற உப்பைச் சேர்த்து, இத்தனை நாள் முரண்டுபிடித்த பொடியைப் படிகமாக்கினாள். சென்னைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்தாள். வந்த படம் பேனரேதான். திருத்தக் கட்டுரையின் கடைசியில் பகலவனுக்கு நன்றி சொல்லியிருந்தாள். அதை முதலில் மேற்கோள் காட்டியவர் அந்த ஜெர்மனிக்காரர். பகலவன் எந்தப் பல்கலைக்கழகம் என்று தனியாக மெயிலும் போட்டிருந்தார்.

அப்சல் விடுவானா? இரண்டாவது பேனருக்குச் சொல்லிவிட்டான். பேனர் டிசைனைக் காட்டப் பகலவன் வீட்டுக்கே வந்தார்.

"கீழ இன்னும் கொஞ்சம் எடம் கெடக்குதுங்க மேடம். நாலாவது ஒண்ணு வெக்கட்டுமா?"

அப்சல் சிரித்தான். பாயிஸா சிரிக்கவில்லை. செல்போனை எடுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தாள்.