வக்கீல் வராமல் உள்ளே போகாதே

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் டை முடிச்சை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் மர்லா. அவர் உயிரோடு இருந்தவரை அது ஒரு நாளும் நேராக நின்றதில்லை. இப்போது மட்டும் நிற்குமா என்று விட்டுவிட்டாள்.

வக்கீல் வைக்க வக்கில்லாதவர்களுக்கு மிசௌரி மாநிலம் கொடுக்கும் வக்கீலாக முப்பத்தொரு வருடம் உழைத்தவர் ஹாலிஸ் டீட்ஸ். மகளோ அதே ஊர் ஷெரிஃப் ஆபீஸில் போலீஸ் டெபுடி. மகள் கட்டிப் போடுவாள், அப்பா அவிழ்த்து விடுவார் என்று ஊரே கிண்டல் செய்யும். அவள் யாரையாவது கைது செய்துவிட்டு வீடு திரும்பினால், பேசாமல் இருக்கும் உரிமையை வாசித்துக் காட்டினாயா, முழுசாகவா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் ரொட்டியை அவள் பக்கம் நகர்த்துவார். எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலுக்கும் இனி ஆளில்லை.

பெட்டி தூக்கும் ஆறு பேரை அவரே எழுதி வைத்திருந்தார். ஆறாவது பெயர் ரோஸ்கோ, அவளோடு பள்ளியில் படித்தவன். காலையில் ஆபீஸ் அனுப்பிய பிடிவாரண்டுப் பட்டியலிலும் அவன் பெயர் இருந்தது. செம்புக் கம்பித் திருட்டு வழக்கு, அப்பாதான் அவனுக்கு வக்கீல்; செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் ஆஜராகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில்தான் அப்பா போனார்.

சர்ச்சின் பக்கவாசல் வழியாக வந்தவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு அவள் எதிரில் நின்றான்.

"நான் ஓடிப் போகல மர்லா. தான் பக்கத்துல இல்லாம கோர்ட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதேன்னு உங்கப்பாதான் சொல்லியிருந்தாரு. அன்னிக்குக் காலையிலேருந்து கோர்ட் கதவுக்கு வெளியதான் நின்னேன். பேரக் கூப்பிட்டதுகூடக் காதுல விழுந்துச்சு. அவரு வரட்டும்னு இருந்துட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் ஆபீஸுக்கு அவள் போன் செய்ததே மதியத்துக்கு மேல்தான். அதற்குள் வக்கீலையும் காணோம், கட்சிக்காரனையும் காணோம் என்று ஜட்ஜ் வாரண்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இப்போது பிடித்தால் பெட்டிக்கு ஒரு தோள் குறையும், அடுத்த விசாரணை வரை அவன் உள்ளே கிடப்பான், தீவன மில் வேலையும் போய்விடும். விட்டால் டெபுடியாக அவள் செய்த சத்தியம் என்ன ஆவது?

ரோஸ்கோ பெட்டியைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"அவருகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். உங்கிட்டயாவது உண்மையச் சொல்லிடுறேன். அந்தக் கம்பிய..."

"வாய மூடு ரோஸ்கோ."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"நான் டெபுடி. நீ சொல்றது எதுவானாலும் நாளைக்கு உனக்கு எதிரா நிக்கும். உன் வக்கீல் வர்ற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் அங்கேயே நின்று ஷெரிஃபுக்குப் போன் செய்தாள். ஆள் தன்னோடு இருப்பதாகவும், அடக்கம் முடிந்ததும் தானே கொண்டு வருவதாகவும் சொன்னாள். அவர் சரி என்றார். அடுத்து அப்பாவின் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் வக்கீலைக் கூப்பிட்டு, நாலு மணிக்குக் கோர்ட் வாசலில் நிற்கச் சொன்னாள். வக்கீலோடு தானாக வந்து நிற்பவனுக்கு ஜட்ஜ் வாரண்டை ரத்து செய்யலாம். செய்யாமலும் போகலாம். அதையும் அவனிடம் மறைக்கவில்லை.

ரோஸ்கோ முன்வரிசையில் இடது பக்கம் தூக்கினான். கல்லறை மேட்டில் ஒரு தடவைகூடத் தோள் மாற்றவில்லை.

எல்லாம் முடிந்து சர்ச் பெண்கள் துக்கவீட்டுக்கென்று சுட்டுக் கொடுத்த சாப்பாட்டுத் தட்டோடு அவள் காருக்கு வந்தாள். அவன் முந்திக்கொண்டு பின்கதவருகே நின்றிருந்தான். அவளைக் கண்டதும் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து முன்னால் நீட்டினான்.

அவள் சூடான தட்டை அந்தக் கைகளில் வைத்தாள்.

"கொட்டிடாத" என்று சொல்லிவிட்டு, முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.